ஆபரேட்டர் எந்தக் கட்சி?

தியேட்டர் ஆபரேட்டர் செத்துப்போய் நான்கு நாளாகியும் அவரை அடக்கம் செய்ய முடியவில்லை. படிவத்தில் பதினோராவது கட்டம் காலியாக இருந்ததுதான் காரணம்.

பேர், வயது, தொழில், நோய் எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருந்தது. பதினோராவது கட்டத்தில் ‘இருவரில் பெரிய நடிகர் யார் என்பதில் மறைந்தவரின் நிலை’ என்று அச்சடித்து, பக்கத்தில் இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று கண். இன்னொன்று குரல். இரண்டில் ஒன்றில் குறி போட்டு, வாரியத்தின் முத்திரையும் வாங்கி வந்தால்தான் உடலைக் கொடுப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சங்கதிதான், இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன். ஒரு காலத்தில் இரண்டு நடிகர்கள் இருந்தார்கள். ஒருவர் வாயைத் திறக்காமல் கண்ணாலேயே அரங்கத்தை அழவைப்பார். மற்றவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று குரலாலேயே அழவைப்பார். இவரா அவரா என்று ஜனங்கள் அடித்துக்கொண்டார்கள். நிச்சயமான கல்யாணங்கள் நின்றன, ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பியது. ‘போதும், ஆளாளுக்குக் கத்தாதீர்கள், விசாரித்து முடிவு சொல்கிறோம்’ என்று அரசாங்கம் ஒரு வாரியத்தை அமைத்தது. ஆறு மாதத்தில் தீர்ப்பு என்றார்கள். நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. நடிகர்கள் இருவரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாரியம் மட்டும் கொழுகொழுவென்று ஏழு மாடி வளர்ந்து நிற்கிறது.

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் தங்கள் நிலையை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபரேட்டர் ஒவ்வொரு தடவையும் ‘பிறகு தெரிவிக்கப்படும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். உயிரோடிருப்பவர்கள் அப்படி எழுதலாம், விதியில் இடமுண்டு. செத்தவருக்கு ஏது பிறகு?

இதில் மாட்டிக்கொண்டவள் அவர் மனைவி. சட்டை தைக்கிற கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகப் பொத்தான் வைக்கிறாள், அதனால் தெருவுக்கே அவள் பொத்தானக்கா. ஒரு சட்டைக்கு ஏழு பொத்தான், பொத்தானுக்கு நான்கு ஓட்டை, இது தவிர உலகத்தில் எதிலும் கருத்துச் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

சவக்கிடங்குக்காரர் நல்ல மனுஷன். “ஏம்மா, ஏதோ ஒண்ணுல குறி போட்டுக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? அவரு என்ன எழுந்து வந்து சண்டையா போடப்போறாரு?” என்றார்.

“எனக்குத் தெரியலையேண்ணா.”

“முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்திருக்கே. இதுகூடவா தெரியாது?”

அந்தக் கேள்வி அவளை அறைந்தது. கொண்டுவந்த கம்பளிக் குல்லாயை அவரிடம் கொடுத்து, “உள்ள போட்டு விடுங்கண்ணா, அவருக்குக் குளிர் ஆகாது” என்றாள். சும்மா சொல்லவில்லை. தியேட்டரில் படம் ஓட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து வருஷம் வெந்துகொண்டிருந்த மனுஷன் அவர். லேசாகத் தூறல் போட்டால்கூட வீட்டில் காதை மூடிக்கொண்டு உட்காருவார். அப்படிப்பட்டவரை இரும்பு டிராயரில் போட்டு ஐஸில் வைத்திருக்கிறார்களே. அவரை அங்கிருந்து எடுத்து மண்ணுக்குள் வைக்க வேண்டும். மண் சூடாக இருக்கும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நினைத்து நினைத்துப் பார்த்தாள். அவர் யாரைப் பற்றியும் பேசியதாக ஞாபகமில்லை. பேசும்போதே அவள் முகத்தைப் பார்க்க மாட்டார். எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதும் அவள் தலைக்கு மேலே, வலது பக்க மூலையில்தான் பார்வை நிற்கும். “என் மூஞ்சியில இல்லாதது அந்த மூலையில அப்படி என்ன இருக்கு?” என்று எத்தனை நாள் சண்டை பிடித்திருக்கிறாள். சிரிப்பார். மேசைக்கு அடியில் அவர் வலது கால் தரையை ‘டக்’ என்று ஒரு தட்டுத் தட்டும். சாகும்போதும் அதேதான். கட்டிலில் கிடந்தபடி அவள் தலைக்கு மேலே பார்த்தார், போர்வைக்குள் கால் ஒருமுறை அழுந்தியது, முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கும் ஒரு தொந்தரவு. எதைப் பார்த்தாலும் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வந்து, கண் சிமிட்டுவதற்குள் போய்விடுகிறது. பொத்தானையே பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் நாத்தனார் வந்தாள். “அண்ணி, எங்கண்ணன் குரல்தான். சின்ன வயசுல குளிக்கும்போது பாட்டா பாடித் தள்ளுவான். நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்” என்று படிவத்தைப் பிடுங்கிப் போட்டும்விட்டாள். குரல் பெட்டியில் ஒரு குறி. பொத்தானக்கா அரைமனசாக அதை எடுத்துக்கொண்டு வாரியத்துக்குக் கிளம்பினாள்.

வாரியத்துக்கு இரண்டு வாசல், இரண்டு மாடிப்படி, இரண்டு தண்ணீர்க் குழாய். கண் பிரிவில் யாரும் பேசக் கூடாது, எல்லாம் பார்வைதான். குரல் பிரிவில் யாரும் எதையும் பார்க்கக் கூடாது, ஊழியர்கள் காலை பத்து மணிக்குக் கண்ணை மூடினால் மாலை ஐந்துக்குத்தான் திறப்பார்கள். இரண்டு பிரிவின் கையெழுத்தும் இல்லாமல் ஒரு காகிதம்கூட நகராது. எனவே அங்கே எந்தக் காகிதமும் நகர்ந்ததில்லை.

குரல் பிரிவு குமாஸ்தா கண்ணை மூடியபடி தலையைச் சாய்த்துக் கேட்டார். “யாரு?”

“ஆபரேட்டர் சம்சாரங்க. அவரு தவறிட்டாரு. படிவத்துல கையெழுத்து வேணும்.”

“எத்தனை பேர் வந்திருக்கீங்க?”

“நான் ஒருத்திதாங்க.”

“பொய் சொல்லாதீங்கம்மா. நான் இருபது வருஷமா காதை மட்டும் வச்சுப் பொழைக்கறவன். ரெண்டு பேர் மூச்சு கேக்குது.”

அவளுக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்துவிட்டுப் படிவத்தை நீட்டினாள். குமாஸ்தா அதற்கு மேல் கேட்கவில்லை, கூட வந்தவருக்குத் தனி டோக்கன் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார்.

கண் பிரிவு குமாஸ்தா படிவத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு அவள் வலது தோளுக்கு மேலே, காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, மரியாதையாகத் தலையசைத்தார். அப்புறம் அவர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். குரலுக்கு விழுந்த குறியைக் கண் பிரிவு மறுக்கிறது என்று அதற்கு அர்த்தமாம். படிவத்தோடு அவளைத் தலைவரிடம் அனுப்பினார்கள்.

வாரியத் தலைவராவதற்கு ஒரே ஒரு தகுதிதான். அந்த இரண்டு நடிகர்களின் ஒரு படத்தையும் பார்த்திருக்கக் கூடாது. நடுநிலை கெட்டுவிடுமல்லவா. இந்தத் தலைவர் அதற்கும் ஒரு படி மேலே போய், சினிமாவே பார்த்ததில்லை. அவரைப்போல ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க ஒன்பது வருஷம் பிடித்ததாகச் சொல்வார்கள்.

“உட்காருங்கம்மா” என்றார் தலைவர். அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். ஆள் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான்.

“பாருங்கம்மா, உயிரோட இருக்கறவன் சொல்றது தற்காலிகம். இன்னைக்குக் கண்ணும்பான், நாளைக்குக் குரலும்பான். செத்தவன் சொன்னதுதான் நிரந்தரம். அதனால எங்க தீர்ப்பு முழுக்கச் செத்தவங்களை நம்பித்தான் இருக்கு. இன்னைய தேதிக்கு ரெண்டு பக்கமும் சமம். இந்தச் சமத்தைக் காப்பாத்த நாங்க படற பாடு உங்களுக்குத் தெரியாது. காலையில ஒரு கண் பதிவானா, சாயங்காலத்துக்குள்ள ஒரு குரல் செத்தாகணும்.” தலைவர் இருமினார். “அதாவது, பதிவாகணும்.”

“எங்க வீட்டுக்காரரையும் அப்படி யார் கூடயாவது சேர்த்துப் பதிஞ்சுடுங்கய்யா.”

“அங்கதாம்மா சிக்கல். அவரு சாதாரண ஆளா? ரெண்டு பேர் படத்தையும் முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டினவர். விதிப்படி நிபுணர். நிபுணர் ஒருத்தர் வாயைத் திறந்துட்டா அதுதான் தீர்ப்பு, எங்க கணக்கெல்லாம் குப்பை. புண்ணியவான், ‘பிறகு’ன்னு எழுதி எழுதியே எங்களையெல்லாம் வாழவச்சாரு. இப்ப நீங்க குரல்னு கொண்டுவந்து நீட்டறீங்க. இதை நான் ஏத்துக்கிட்டா நாளைக்கே தீர்ப்பு. தீர்ப்பு வந்துட்டா வாரியம் எதுக்கு? நாலாயிரம் குடும்பம்மா. நாற்பது வருஷமா கண்ணை மூடிக்கிட்டே வேலை பார்த்தவன் வெளிய போய்க் கண்ணைத் திறந்து என்ன செய்வான்?”

“அதுக்கு நான் என்னங்கய்யா பண்றது?”

தலைவர் மேசைக்கு மேலே சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். “அவர் சாகலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. ஆஸ்பத்திரியில அப்படியே இருக்கட்டும். நல்ல இடம், கரண்ட் போகாது. ஐந்து வருஷத்துக்கு ஒருதடவை நாங்களே ஆள் அனுப்பி ‘பிறகு’ன்னு எழுதி வாங்கிக்கறோம். உங்களுக்கும் பாருங்க, புருஷன் இருக்கிற மாதிரியே இருக்கும்.”

பொத்தானக்கா அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதாள். “அவருக்குக் குளிர் ஆகாதுங்கய்யா” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் எழுதித் தர மாட்டேன். வேணும்னா அவரையே கேட்டுக்கங்க” என்றாள். கோபத்தில் சொன்னதுதான்.

தலைவர் முகம் வெளுத்துவிட்டது. நிபுணரின் நிலை பற்றி மறுப்பு எழுந்து, குடும்பத்தாரும் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டால், ‘மறைந்தோர் நேர்காணல்’ நடத்தியே தீர வேண்டும். ஒன்பதாவது விதி. அதை மீற அவருக்கே அதிகாரமில்லை. மறுநாள் காலை பதினோரு மணி என்று குறித்துக் கொடுத்தார்.

வாரியத்தின் தரைக்கு அடியில் ஒரு தியேட்டர் இருந்தது. முந்நூறு இருக்கை, நடுவில் கோடு. இடப்பக்கம் கண் ஊழியர்கள், வலப்பக்கம் குரல் ஊழியர்கள். கோட்டின்மேல் சக்கர நாற்காலியில் ஆபரேட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதலில் அவர் உட்கார ஒப்புக்கொள்ளவில்லை. பெல்ட் போட்டு உட்காரவைத்தார்கள். கம்பளிக் குல்லாயைச் சவக்கிடங்குக்காரர் ஞாபகமாகப் போட்டு அனுப்பியிருந்தார். வலது கால் நாற்காலியின் மிதிபலகை மேல் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கக் கண் குமாஸ்தா எதிரே குனிந்து நின்றார். மூச்சைக் கேட்கக் குரல் குமாஸ்தா பின்னால் காதை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்து இருக்கையில் பொத்தானக்கா.

விளக்கு அணைந்ததும்தான் அவளுக்கு அது உறைத்தது. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரு படம் பார்த்ததில்லை. அவள் கீழே பெண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பாள், அவர் மேலே அறைக்குள் இருப்பார். படம் நடுவில் வெட்டாமல் ஓடுவதை வைத்துத்தான் அவர் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வாள். இப்போது பக்கத்தில், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறார். இதற்கு ஆறு நாள் முன்னால் வரக் கூடாதா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. அவருக்குப் போர்த்தியிருந்த போர்வைக்கு அடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குளிர் விரலில் ஏறியது.

முதலில் கண் நடிகரின் படம், கடைசியாக நடித்தது. வெள்ளித் திரை முழுக்க இரண்டு கண்கள். எப்போதோ செத்துப்போன மனுஷனின் கண்கள் அங்கிருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தன. இடப்பக்கத்து ஊழியர்கள் சத்தமில்லாமல் அழுதார்கள், அழாதவர்களின் பேரை மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டார். ஆபரேட்டர் அசையவில்லை. கண்கள் மெல்ல மூடப்போகிற கட்டம், எல்லோரும் உச்சுக்கொட்டக் காத்திருந்த நேரம்.

‘டக்.’

“சத்தம்!” என்று கத்தினார் குரல் குமாஸ்தா. “மிதிபலகையில சத்தம்! ஒன்பதாவது நிமிஷம்!” கண் குமாஸ்தா வாய் திறக்க முடியாமல் ஆபரேட்டரின் வலது காலையே விரலால் காட்டிக்காட்டித் துள்ளினார். இடப்பக்கம் முழுக்க எழுந்து நின்றது. நடுநிலை கெடாமலிருக்கத் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “இன்னொரு படம் பாக்கி இருக்கு, இன்னொரு படம் பாக்கி இருக்கு” என்று முனகினார்.

அடுத்தது குரல் நடிகரின் கடைசிப் படம். திரையில் ஒரு முதுகு, அதற்கு அப்பாலிருந்து எழும் குரல். செத்தவன் குரல் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் வந்தது. வலப்பக்கம் கண்ணை மூடிக்கொண்டு விம்மியது. பொத்தானக்கா குரலைக் கேட்கவில்லை, அவர் காலையும் பார்க்கவில்லை. ஏதோ தோன்றி, அவர் எப்போதும் பார்க்கிற இடத்தைத் தானும் பார்த்தாள். திரையின் வலது மேல் மூலை.

ஒரு வெள்ளைப் புள்ளி வந்து மறைந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று தன்னையறியாமல் எண்ணினாள். எட்டு எண்ணி முடிக்கும்போது இன்னொரு புள்ளி.

‘டக்.’

இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். ஒன்பதாவது நிமிஷம், அதே கால், அதே சத்தம். “எங்களுக்குத்தான் ஓங்கித் தட்டினாரு!” என்று குரல் பிரிவு கத்த, கண் பிரிவு முறைக்க, நாற்காலிகள் பறக்க ஆரம்பித்தன. அந்த அமளியில் பொத்தானக்கா எழுந்து நின்றாள். வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் பேசியவள் இல்லை. ஆனால் இப்போது பேசினாள்.

“கொஞ்சம் நிறுத்தறீங்களா? அவரு ரெண்டு பேரையும் பார்க்கவே இல்லை!”

எல்லோரும் நின்றார்கள்.

“மேல அறையில ரெண்டு மெஷின், ஒண்ணுல ரீல் தீரும்போது மூலையில ஒரு புள்ளி வரும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினை ஓடவிடணும். எட்டு எண்ணறதுக்குள்ள ரெண்டாவது புள்ளி வரும், அப்பக் காலால மிதிச்சா படம் இதுலேர்ந்து அதுக்கு மாறும். புள்ளியை விட்டுட்டா திரை இருட்டாப் போயிடும். கல்யாணமான புதுசுல எனக்குச் சொல்லியிருக்காரு, நான்தான் காதுல வாங்கலை. முப்பத்தஞ்சு வருஷம் அந்த மூலையை மட்டும்தான் பார்த்தாரு. நீங்கல்லாம் கண்ணையும் குரலையும் பார்த்து அழறதுக்காக அவரு புள்ளியைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட திரை இருட்டானதில்லை. அவரு எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியும். நான் அவரு சம்சாரம்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. முப்பத்தோரு வருஷம் தன்னைப் பார்க்கவில்லை என்று சண்டை போட்டது ஞாபகம் வந்தது. வீட்டில் உட்கார்ந்தும் அந்த மனுஷன் எது இருண்டுவிடக் கூடாதென்று பயந்துகொண்டிருந்தார் என்று இப்போது கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்க முடியாது.

தலைவர் எழுந்தார். கண்ணில் நீர் ததும்ப, கை இரண்டையும் விரித்தார். “அப்படின்னா நிபுணர் ரெண்டு பேரையும் சொல்லலை! மூணாவதா ஒண்ணைச் சொல்லியிருக்காரு! நண்பர்களே, கண்ணா குரலான்னு முடிவு செய்யவே நாற்பத்திரண்டு வருஷம் பத்தலை. இனி கண்ணா புள்ளியா, குரலா புள்ளியான்னு வேற பார்க்கணும். எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்! நம்ம பேரப்பிள்ளைகளுக்கும் இங்க வேலை இருக்கு!” அந்த அரங்கத்தில் கண்ணும் குரலும் கட்டிப்பிடித்துக்கொண்டது அன்று ஒரு நாள்தான். படிவத்தில் அங்கேயே மூன்றாவது பெட்டி ஒன்றைக் கையால் வரைந்து, குறி போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை அடக்கம் நடந்தது. புதிதாகத் தொடங்கிய புள்ளிப் பிரிவின் ஊழியர்கள் நூற்றைம்பது பேர் சீருடையில் வந்து நின்றார்கள். விதிப்படி எல்லோரும் வானத்தின் வலது மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழியைப் பார்த்தது அவள் ஒருத்திதான். மண்ணைக் கையில் அள்ளினாள். வெயிலில் கிடந்த மண் சூடாகத்தான் இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாயிற்று.

வீட்டுக்கு வந்தபோது கதவிடுக்கில் ஒரு கவர் செருகியிருந்தது. புதிய படிவம். கண், குரல், புள்ளி, மூன்று பெட்டி. ‘காலஞ்சென்ற நிபுணரின் மனைவி என்ற முறையில் தாங்களும் இன்றுமுதல் நிபுணராகக் கருதப்படுவீர்கள். தங்கள் நிலையை உடனே தெரிவிக்கவும்.’

பொத்தானக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலி, அவர் உட்காருகிற நாற்காலி, லேசாகப் பின்னால் தள்ளியிருந்தது. அதைச் சரி செய்யவில்லை. பேனாவை எடுத்து, பெட்டிகளை விட்டுவிட்டு, ‘பிறகு தெரிவிக்கப்படும்’ என்று எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, எதிர்ச் சுவரின் வலது மேல் மூலையில் புள்ளி வந்து போனது.

முதல் புள்ளிதான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைத் தரையில் சரியாக வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள்.